நாற்பதாவது யோ-யோ

கையெழுத்துப் போடப் பேனாவோடு உட்கார்ந்திருந்தான் கார்பின். மேசைமேல் நாற்பது யோ-யோக்கள். எல்லாம் ஊதா அலுமினியம், எல்லாவற்றின் விளிம்பிலும் காயம். அவனுடைய குழுவுக்குச் சொந்தக்காரரான ஹால்டேன் மதியம்தான் அவற்றை இந்த விற்பனைக் கூடாரத்துக்குப் பின்னால் சிமெண்டில் தட்டிக்கொண்டிருந்தார். மனுஷன் தேங்காய் உடைப்பதுபோல அவ்வளவு சிரத்தையாகத் தட்டினார். ஒவ்வொன்றோடும் ஒரு சான்றிதழ்: காயத்தின் படம், கீழே 'சிக்கோ நகர யோ-யோ போட்டியின் இறுதிச் சுற்றில் கார்பின் மசேடோ ஆடியது.'

அவன் ஆடிய யோ-யோ அவன் பையில் இருந்தது. காலையில் அதை வைத்துத்தான் ஜெயித்தான். ஆட்டத்தின் மூன்று நிமிடமும் அது தரையைத் தொடவே இல்லை. அதில் ஒரு கீறல்கூடக் கிடையாது.

"மூஞ்சிய ஏன் விளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி வெச்சிருக்க? போடு கையெழுத்த," என்றார் ஹால்டேன்.

"இதுல ஒண்ணுகூட மேடை ஏறலையே சார்."

"வாங்குறவன் என்ன, ஆடவா போறான்? கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சுப் பாத்துக்கிட்டே இருப்பான். நீ ப்ராக் போகணுமா வேணாமா, அதச் சொல்லு."

போகணும். உலகப் போட்டி அங்கேதான். புரிட்டோ சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவுகிற சம்பளத்தில் அவனால் பாதி வழிகூடப் பறக்க முடியாது. அவரிடம் விமான டிக்கெட் இருந்தது. முப்பத்தொன்பதில் கையெழுத்துப் போட்டான். ஒவ்வொன்றுக்கும் தன்மேலேயே காறித் துப்பத் தோன்றியது.

நாற்பதாவதற்கு, யோ-யோ சேகரிக்கும் பல் டாக்டர் பர்விஸ் வந்து நின்றார். வெள்ளைக் கையுறை போட்டு, பூதக்கண்ணாடியால் படத்தையும் காயத்தையும் மாறி மாறிப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"ஆகா! இந்த அடி எந்த வித்தையில பட்டுது தம்பி?"

மேசைக்கு அடியில் ஹால்டேன் அவன் காலை மிதித்தார். கார்பினால் அதற்குமேல் முழுங்க முடியவில்லை.

"வித்தையில இல்ல டாக்டர். இவர் சிமெண்டுல தட்டினாரு. எல்லாமே டூப்பு."

பர்விஸ் சிரித்தார். "அது தெரியாமலா முப்பது வருஷமா சேக்குறேன்? எல்லாக் கம்பெனியும் இதத்தான் பண்ணுது. படமும் அடியும் ஒத்துப்போகுதா, எனக்கு அது போதும். நீ கையெழுத்துப் போடு."

ஏமாற்றுகிறவனைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தெரிந்தே நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறாரே, இந்த மனிதரை என்ன செய்வது? கார்பின் அந்த யோ-யோவைப் பிடுங்கி நூலை மாட்டி வீசினான். அடிபட்டது ஆகையால் கையில் கடகடவென்று நடுங்கியது. காலையில் ஜெயித்த அதே வித்தையை ஆடிக் காட்டினான். கடைசிச் சுற்றில் நூல் நழுவி, அது தரையில் ணங்கென்று விழுந்தது. விளிம்பில் புதிதாக ஒரு பள்ளம்.

எடுத்து நீட்டினான். "இந்தாங்க. இப்போ நிஜமாவே நான் ஆடினது."

டாக்டர் முகம் வெளிறிவிட்டது. "ஐயையோ, இந்த அடி படத்துல இல்லையே! இது போலி! எனக்கு வேணாம்!"

"டீம் சட்டையக் கழட்டி வெச்சிட்டுப் போ. ப்ராக்குக்கு வேற ஆள் பாத்துக்கிறேன்," என்றார் ஹால்டேன்.

கழற்றி மேசைமேல் வைத்தான். வரிசையில் அடுத்து நின்றவர் அதை நகர்த்திவிட்டு, கார்பின் கையெழுத்துப் போட்ட முப்பத்தொன்பதில் ஒன்றை ஆசையாக எடுத்தார்.