நெட் சோடோ

அபியின் முகம் முதலில் சின்னச் சின்னக் கட்டங்களாக உடைந்தது. பிறகு நெற்றிச்சுட்டி மட்டும் அங்கேயே நிற்க, அவள் குரல் எங்கோ முன்னால் ஓடிப்போனது. மானாமதுரையில் என் தங்கை மணையில் உட்கார்ந்திருந்தாள். நான் அந்தமான் தீவில், ஹட் பேயில், ஜன்னல் கம்பிக்கு வெளியே போனை நீட்டியபடி நின்றேன். ஆவணிக் கடல் முரண்டு பிடித்ததில் போர்ட் பிளேர் கப்பல் ரத்தாகிவிட்டது. தாலி கட்டுவதையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை, இருக்கிற ஒரு டவரை ஊரே பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது.

"க்யா ஹுவா பவானி? ஏன் இப்படித் தொங்குற?" பக்கத்து வீட்டு நீலாவதி அக்கா, தீவிலேயே பிறந்தவள், பாதிப் பேச்சு இந்தி.

"நெட்டு சுத்துதுக்கா. இன்னிக்கு தங்கச்சிக்குக் கல்யாணம்."

"அரே, சொல்ல மாட்டியா?"

சொல்ல மாட்டேன். தண்ணீர்க் குழாயில் முறை வைப்பதுபோல, ஒரு வீட்டில் விசேஷமென்றால் மற்றவர்கள் நெட்டை விட்டுக்கொடுப்பது இந்தத் தெருவின் வழக்கம். எத்தனையோ முறை நான் விட்டுக்கொடுத்திருக்கிறேன். எனக்கென்று கேட்க மட்டும் வாய் வந்ததில்லை. ஒரு கொத்துக் கறிவேப்பிலைக்குக்கூட யார் வாசலிலும் நிற்காததைக் கௌரவம் என்றே நினைத்திருந்தேன்.

அக்கா தெருவில் இறங்கிவிட்டாள். "நெட் சோடோ! பவானி தங்கச்சி ஷாதி! எல்லாரும் நெட்ட விடுங்க!"

"தாலி கட்டுற வரைக்குமா, பந்தி முடியிற வரைக்குமா?" எதிர்வீட்டு முத்துவீரன் அண்ணன் கத்தினார். "மேட்ச் ஓடுது!"

"உம் பேரன மொதல்ல பாக்க ஊரே போன அணைச்சுச்சே, மறந்துட்டியா? பந்த் கரோ, மேட்ச நிறுத்து!"

தெரு முழுக்கச் சத்தங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. கட்டங்கள் ஒன்றுகூடி அபியானாள். பதற்றத்தில் உதட்டோரம் கடிக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை அவளுக்கு. என் கண் நிறைந்ததில் அவள் மறுபடி கலங்கலாகத் தெரிந்தாள்.

பார்க்க வேறெதுவும் இல்லாததால் எல்லோரும் என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். என் தோள்மீது யார் யாருடைய முகவாயோ அழுந்தியது. எனக்கு அது பிடித்திருந்தது. கெட்டிமேளம் கேட்டதும் கடைசி வீட்டு வங்காளி தீதி அவர்கள் ஊர் மங்கல வழக்கப்படி நாக்கைச் சுழற்றி உலு ஒலி எழுப்பினாள்.

"என்னடி அங்க, சைரனா?" மானாமதுரையிலிருந்து அம்மா போனில் அலறினாள். அபி தலை நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அதே நொடியில் படம் நின்றது.

திரும்பிப் பார்த்தேன். முத்துவீரன் அண்ணன் கையில் போன். தீதி கையிலும். எல்லோர் கையிலும்.

"போட்டோ எடுத்தோம்," என்றார் அண்ணன். "ஸ்டேட்டஸ் வைக்கலாமேன்னு நெட்ட ஆன் பண்ணிட்டோம்..."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"கட்டிருவான், போடுங்க!" என்று அக்கா முந்தானையிலிருந்து அட்சதையை அள்ளி வீசினாள். முடிச்சு விழாத மஞ்சள் கயிற்றோடு மாப்பிள்ளையின் கைகள் அந்தரத்தில் நிற்க, சிரித்தபடியே உறைந்திருந்த அபியின் நெற்றியில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம், ஓர் அரிசி ஒட்டிக்கொண்டது.