குழாய்த் தண்ணீரில் கழுவிய ஸ்பாஞ்ச்

வீட்டில் அவளைக் குட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்தைந்து தாண்டி, காதோரம் நரை எட்டிப்பார்த்த பிறகும் குட்டிதான். ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் எல்லோருக்கும் மேடமாக இருக்கிறவள், வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியதும் குட்டியாகிவிடுவாள். அண்ணன் வீட்டுக்குச் சில மாதம் தங்கிப்போகத்தான் வந்தாள். வந்த நேரம் பார்த்து அண்ணன் ஒரு மீன்தொட்டியை வாங்கி, கூடத்துச் சுவர் ஓரமாக நிறுத்தியிருந்தான். அது அப்படியே அவள் தலையில் வந்து விடிந்தது.

சாதாரண மீனாக இருந்தால் பரவாயில்லை. அண்ணன் வாங்கியது டிஸ்கஸ். தட்டு மாதிரி வட்டமாக, நீலக் கோடு போட்டுக்கொண்டு, மீன்களிலேயே பெரிய இடத்துப் பிள்ளைகள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். கொஞ்சம் சூடு குறைந்தால் உடம்பு கறுத்து மூலையில் போய் முறைத்துக்கொண்டு நிற்கும். அண்ணன் முதல் வாரமே தொட்டியைப் பளிச்சென்று வைக்கிறேன் பேர்வழி என்று எல்லாத் தண்ணீரையும் கொட்டிவிட்டுக் குழாயிலிருந்து பிடித்து நிரப்பினான். பாதி மீன் மிதந்தது. மிச்சப் பாதியைக் காப்பாற்றியது குட்டி. அன்றைக்குக் கையை வைத்தவள்தான், அப்புறம் எடுக்கவே முடியவில்லை.

ட்ரம்மில் தண்ணீர் பிடித்து, குளோரின் போகும்வரை வைத்திருந்து, தொட்டிச் சூட்டுக்குக் கொண்டுவந்து, பழைய தண்ணீரில் கொஞ்சத்தை மட்டும் ட்யூப் வைத்து இறக்கிவிட்டு, புதிதை மெதுவாக ஊற்றுவாள். ஃபில்டர் ஸ்பாஞ்சை மட்டும் குழாய்ப் பக்கமே கொண்டுபோக மாட்டாள். தொட்டியிலிருந்து இறக்கிய அந்தப் பழைய தண்ணீரிலேயே அலசுவாள். பார்க்க அழுக்காக இருக்கும் அந்த ஸ்பாஞ்சில்தான் மீன் கழிவை உடைத்துத் தின்கிற நல்ல கிருமிகள் குடியிருக்கின்றன. குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் பட்டால் அவை செத்துவிடும். அவை செத்தால், கழிவு விஷமாகி, இரண்டு மூன்று நாளில் மீன்கள் மூச்சுக்குத் தவிக்கும். இது குட்டிக்குத் தெரியும். அந்த வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் அவர்களுக்கு ஆசை இல்லை.

அண்ணனும் அண்ணியும் கெட்டவர்களாக இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். நான்கு வார்த்தை கத்திவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். அவர்களோ தங்கமானவர்கள். அண்ணன் சிமெண்ட் கம்பெனியில் விற்பனை அதிகாரி, அதிர்ந்து பேசமாட்டான். அண்ணி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், நாத்தனாருக்கு எடுத்துவைக்காமல் ஒரு வாய் சாப்பிடமாட்டாள். இப்படிப்பட்டவர்களிடமிருந்து ஒரு மனுஷி எப்படித்தான் தப்பிப்பது?

முன்பும் வெளியூர் வேலை வந்தது. ஒருமுறை கிளம்புகிற நேரத்தில் மீன்களுக்கு வெண்புள்ளி நோய். "இது சரியாகட்டும், அப்புறம் போ" என்றான் அண்ணன். சரியாவதற்குள் அந்த வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. அடுத்தமுறை டிஸ்கஸ் ஜோடி குஞ்சு பொரித்தது. தாய் தகப்பன் உடம்பில் ஊறும் வழவழப்பைத் தின்றுதான் அந்தக் குஞ்சுகள் வளரும். நாள் முழுக்க இரண்டு பேர் மேலும் ஒட்டிக்கொண்டே திரியும். "பாரு குட்டி, எவ்வளவு பாசம்" என்று அண்ணி கண் கலங்கினாள். குட்டி அந்தப் பெரிய மீன்களைத்தான் பார்த்தாள். பாவம், எங்கே போனாலும் முதுகில் ஒரு கூட்டம்.

இப்போது வந்திருப்பது பெரிய ஆஸ்பத்திரி. வேறு ஊர். பரிசோதனைக்கூடத்துக்கே அவள்தான் பொறுப்பு, தங்க ஓர் அறையும் தருகிறார்கள். திங்கட்கிழமை சேர வேண்டும். இதை விட்டால் இந்த வயதில் இன்னொன்று வராது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். டிக்கெட் எடுத்துவிட்டுத்தான் வீட்டில் சொன்னாள்.

"யாரு வேணாம்னா? ராணி மாதிரி போ" என்றான் அண்ணன். பிறகு தொட்டிப் பக்கம் திரும்பினான். "மீனை மட்டும் யாரு பாப்பாங்கன்னுதான்..."

"உனக்குச் சொல்லித் தரேண்ணா. ஒண்ணும் பெரிய வித்தை இல்ல."

சொல்லித் தந்தாள். தந்தாள் என்றால், அவள் பேசினாள், அவன் தலையாட்டினான். ட்ரம் தண்ணீர் எதற்கு என்று திருப்பிக் கேட்டால், "அதான், சுத்தமா இருக்கணும்னு" என்றான். அண்ணி, "எனக்கு அந்த வழவழப்பைப் பாத்தாலே குமட்டுது குட்டி" என்று முதல் நாளே கழன்றுகொண்டாள். கடைசியில் குட்டி, வாங்கிய கடைக்கே மீன்களைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றாள். அண்ணன் அன்றிரவு சாப்பிடாமல் படுத்துவிட்டான். அண்ணி அவள் அறைக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அவருக்கு பிரஷர் இருக்குன்னு உனக்கே தெரியும். ஆபீஸ்லேருந்து வந்து அது முன்னாடி உக்காந்தாத்தான் முகத்துல ரத்தமே ஓடுது. உன்னைப் போக வேணாம்னு நான் சொல்லல குட்டி. நீ போகத்தான் வேணும்."

போகத்தான் வேணும் என்ற அந்த வார்த்தை காலைக் கட்டியது மாதிரி வேறெதுவும் கட்டியதில்லை.

புதன்கிழமை காலை, இரண்டு பேரும் வேலைக்குப் போன பிறகு, குட்டி தொட்டியின் இரண்டு ஸ்பாஞ்சுகளையும் கழற்றினாள். வழக்கமாக வாளிக்குப் போகும் கை, அன்று துணி துவைக்கும் இடத்துக் குழாய்க்குப் போனது. தெரியாமல் போகவில்லை, தெரிந்தேதான் போனது. குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, பிழிந்து பிழிந்து கழுவினாள். முதலில் காப்பி நிறத்தில் ஓடிய தண்ணீர் தெளிந்து வெள்ளையாக ஓடியது. அப்புறமும் விடாமல் அதே குழாய்த் தண்ணீரில் வெகுநேரம் ஊறவைத்தாள். யாரும் கேட்கப் போவதில்லை. மீன் செத்துப்போச்சு, விதி என்பார்கள். அண்ணன் கொஞ்ச நாள் துக்கப்படுவான், பிறகு டிவி பார்ப்பான். அவள் யாருக்கும் துரோகம் செய்யாதவளாக ரயில் ஏறலாம். உண்மையைச் சொன்னால், புதுசு போல மஞ்சளாக நின்ற ஸ்பாஞ்சைக் கையில் பிடித்தபோது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தைக் கண்டு பயமாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை மீன்கள் தீனியைத் தொடவில்லை. சனிக்கிழமை மத்தியானம் எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அவற்றில் மேனேஜர் என்று ஒருவன் இருந்தான். மற்றவர்களைத் துரத்தித் துரத்தி வேலை வாங்கிக்கொண்டிருப்பதால் அண்ணி வைத்த பெயர். அவனும் இப்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து, செவுள் படபடக்க, கண்ணாடியோரம் வந்து குட்டியைப் பார்த்தான். அவள் கையைக் கண்டால் சாப்பாடு என்று அவனுக்குத் தெரியும், வேறு என்ன தெரியும்.

அவள் பெட்டிக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். ரயில் அடுத்த நாள்தான். ஆனால் அன்று சாயங்காலமே கிளம்பி, ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கும் தோழி வீட்டில் தங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். கண்ணால் பார்க்காமல் இருந்தால் போதும் என்று ஒரு கணக்கு.

"நீ கிளம்பும்மா, நான் பாத்துக்கறேன்" என்றான் அண்ணன். கையில் ஒரு வாளி. நேராகக் குழாயிலிருந்து பிடித்து வந்திருந்தான், கை வைத்தால் சில்லென்று இருக்கும் தண்ணீர். "எல்லாத்தையும் மாத்திட்டா சரியாயிடும் இல்ல?"

அவனைப் பார்த்தாள். தொட்டியைப் பார்த்தாள். சீ, இப்படி ஒரு ஜென்மமா நான் என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவன் கையிலிருந்து வாளியை வாங்கினாள்.

"இதை ஊத்தினா இப்பவே போயிடும். தள்ளு."

அதன்பின் அந்தக் கூடத்தில் அவளுக்குப் பகல் எது, ராத்திரி எது என்று தெரியவில்லை. கழிவு விஷத்தைக் காட்டும் மருந்தைச் சில சொட்டு விட்டுப் பார்த்தால் சோதனைக் குழாயில் தண்ணீர் மஞ்சளாக நிற்க வேண்டும், அது கரும்பச்சையாக நின்றது. ட்ரம்மில் ஆறிய தண்ணீரைச் சூடாக்கிக் காலையும் மாலையும் பாதிப் பாதியாக மாற்றினாள். தீனியை நிறுத்தினாள். கூடுதலாகக் காற்று ஊதும் மோட்டார் போட்டாள். வண்ணமீன் கடைக்காரரிடம் ஓடிப்போய், அவர் தொட்டியில் நாள்பட்டு ஊறிக்கிடந்த ஒரு ஸ்பாஞ்சைக் கெஞ்சி வாங்கிவந்து உள்ளே வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை ரயில் அவள் இல்லாமல் போனது. ஆஸ்பத்திரிக்குப் பேசினாள். வீட்டில் உடம்பு சரியில்லை என்றாள். யாருக்கு என்று அவர்கள் கேட்கவில்லை. அடுத்த திங்கள் வரை பொறுப்பதாகவும், அதற்குமேல் முடியாது என்றும் சொன்னார்கள். பெட்டியைப் பிரிக்காமல் அறைக் கதவுக்குப் பின்னால் வைத்தாள்.

ஒரு மீன்கூடச் சாகவில்லை. சோதனைக் குழாயில் பச்சை வெளுத்து வெளுத்து மஞ்சளாகியது. அந்த வாரக் கடைசியில் மேனேஜர் பழையபடி மற்றவர்களை விரட்ட ஆரம்பித்தான். சனிக்கிழமை காலை குட்டி நிம்மதியாகத் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தாள். நாளைக்குக் கிளம்பிவிடலாம். இந்தமுறை திரும்பிப் பார்க்கக்கூடாது என்று முடிவே செய்திருந்தாள்.

கூடத்தில் அண்ணன் மடியில் செல்போனை வைத்துக்கொண்டு, ஒரு வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"குட்டி, கண்டுபிடிச்சிட்டேன். ஃபில்டர் ஸ்பாஞ்சை யாரோ குழாய்த் தண்ணியில கழுவியிருக்காங்க. நம்ம தொட்டியில நடந்ததை அப்படியே சொல்றான் இவன். தீனி திங்காது, மேல வந்து வாயைத் திறக்கும், எல்லாம் பொருந்துது."

குட்டி தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து மறுபடி சுற்றினாள்.

"நான் அதைத் தொடவே மாட்டேன். நீ அப்படிப் பண்ற ஆளே இல்ல" என்றவன், மெதுவாக மனைவி பக்கம் திரும்பினான்.

அண்ணி பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். சிவப்புப் பேனா அப்படியே நின்றது. "நான் அன்னிக்குத் தொட்டி மூடியைத் துடைச்சேன். அப்ப ஏதோ அழுக்கா இருந்துதேன்னு... ஸ்பாஞ்சையா எடுத்தேன்?" யோசிக்க யோசிக்க அவள் முகம் மாறியது. "எடுத்திருப்பேன் போலிருக்கே. ஐயோ, குட்டியோட வேலை என்னாலதான் தள்ளிப்போச்சா?"

செய்யாத தப்பை அவள் எவ்வளவு சுலபமாகத் தோளில் போட்டுக்கொண்டாள். குட்டியால் பொறுக்க முடியவில்லை. அத்துடன் இன்னொன்றும் தோன்றியது, மறைப்பானேன். இதைச் சொல்லிவிட்டால் இவர்கள் இனி இந்தத் தொட்டியை என் கையில் விடமாட்டார்கள்.

"அண்ணி கழுவல. நான்தான் கழுவினேன். தெரிஞ்சேதான் கழுவினேன். அது செத்துட்டா நான் போகலாம்னு."

அண்ணன் அவளையே பார்த்தான். பார்த்துக்கொண்டிருந்தவன் முகம் இளகி, சிரிப்பு வந்தது.

"உனக்குப் பொய்கூட ஒழுங்கா வரல குட்டி. தூங்காம கொள்ளாம அதைக் காப்பாத்தினவளா கொல்லப் பாத்தா?"

"நிஜமா சொல்றேண்ணா."

"போதும் போதும். உங்க அண்ணியை நான் திட்டல, நீ பழி ஏத்துக்க வேணாம்."

அண்ணி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சிவப்பு மை குட்டியின் விரலிலும் ஒட்டியது. "கூடப் பிறந்தவகூட எனக்காக இப்படிச் சொல்லமாட்டா" என்று அவள் சொன்னபோது, குட்டியால் அந்தக் கையை உதறவும் முடியவில்லை, பிடித்துக்கொள்ளவும் முடியவில்லை.

"இன்னொண்ணு" என்றான் அண்ணன், நல்ல சேதி சொல்கிறவன் குரலில். "நீ குளிச்சிட்டிருந்தப்ப உன் போனுக்கு ஆஸ்பத்திரியிலேருந்து பேசினாங்க. நாளைக்குக் கிளம்பறீங்களான்னு கேட்டாங்க. இந்த மீனை விட்டுட்டுப் போக உனக்கு மனசு வராது, அதை நீயே சொல்லணும்னா சங்கடப்படுவே. அதான் நானே எடுத்து, அவ வரலைங்கன்னு சொல்லிட்டேன். ரொம்ப நல்ல மனுஷங்க. ஒண்ணும் தப்பா எடுத்துக்கல, வேற ஆளைப் போட்டுக்கறோம்னுட்டாங்க."

குட்டி அழுதாள். வாயைப் பொத்திக்கொண்டு, தொட்டியின் பக்கம் திரும்பி நின்று, தோள் குலுங்க அழுதாள். அண்ணி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"அதான் எல்லாம் பொழைச்சிடுச்சே குட்டி. இன்னும் எதுக்கு அழறே?"