டைனமோ சத்தம்

ஸ்க்ரூடிரைவரின் முனையை டைனமோவில் வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக் குனிந்திருந்தாள் பிரபாவதி. அம்பாசிடர் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி கீச்சிட்டது.

"முன்னாடி இன்னா சொல்லுது?" ஜன்னலுக்கு உள்ளே கட்டிலில் கிடந்த அவள் புருஷன் வரதன் கேட்டான்.

"சும்மா உறுமுது."

"பின்னாடி வை."

வைத்தவள் வெடுக்கென்று தலையை இழுத்துக்கொண்டாள். "யப்பா! பல்லு கூசுது."

"பின்னாடி புஷ்தான். தண்டு சுத்துற எடம் காஞ்சி கீது. எஞ்சினை நிறுத்திட்டு அந்த ஓட்டையில ரெண்டு சொட்டு ஆயில் வுடு. சொட்டு. உன் கொயம்பு மாதிரி ஊத்தி வெக்காத."

மாமல்லபுரம் ஸ்டாண்டில் டாக்ஸி ஓட்டியவன். காலையில்தான் டாக்டர் கையை விரித்துவிட்டுப் போயிருந்தார். கேளம்பாக்கத்தில் கட்டிக்கொடுத்த ஒரே மகள் சிநேகா வந்து வாயில் பால் ஊற்றவேண்டும். பஸ்ஸை நம்ப முடியாது. இந்தச் சத்தத்தோடு போனால் நடுவழியில் நின்றுவிடும் என்று வரதனின் தம்பி சின்னராசு வண்டியைத் தொடவே பயந்தான்.

ஆயில் விட்ட பிறகும், சின்னராசு எடுத்துப்போன வண்டி கீச்சிட்டுக்கொண்டேதான் முனை திரும்பியது.

"ஓட ஓட அடங்கிடும்," என்று வரதன் கண்ணை மூடிக்கொண்டான்.

மதியத்துக்கு மேல் மூச்சு இழுத்தது. வேண்டா என்கிற அவன் அக்கா பாலும் ஸ்பூனுமாக வந்து நின்றாள்.

"இன்னும் எவ்ளோ நேரம்டி வெச்சிகினு இருப்பே? தொண்டை காயுது பாரு அவனுக்கு."

"இருங்க அண்ணி. சிநேகா ஊத்தட்டும். வண்டி முனைக்கு வந்தாலே சத்தம் கேக்கும்."

காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு லாரி போயிற்று. ஏதோ வேன். கீச்சு மட்டும் வரவில்லை.

"பொண்ணு எங்க கீதோ. வெறும் வாயோட அனுப்பப்போறியா?"

பிரபாவதி ஸ்பூனை வாங்கினாள். முதல் சொட்டு உள்ளே இறங்கியது. அடுத்தது கடைவாயில் வழிந்து நின்றது.

முந்தானையால் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள். வாசலில், செருப்பைக்கூடக் கழற்றாமல் சிநேகா நின்றிருந்தாள்.

"அண்ணாத்த, பாதி வயிலயே அடங்கிடுச்சி. பட்டு மாதிரி வந்துச்சி உன் வண்டி," என்று உள்ளே பார்த்துச் சொல்லிக்கொண்டே அவள் பின்னால் படியேறினான் சின்னராசு.



பிரபாவதி ஸ்பூனை மகளிடம் நீட்டினாள். அதன் காம்பில் அவள் விரலில் இருந்த ஆயில் கறுப்பாக ஒட்டியிருந்தது.