ரெண்டு நாள் தாங்கும்

விடிவதற்குள் பதினேழு வண்டிகளையும் கிளப்பிக் கொடுத்தாக வேண்டும். மெக்கானிக் ஒரு பைக்கின் பெட்ரோல் டாங்கிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். டாங்கியின் குழாய் டேப்பை மூடினாலும் ஒழுகிய பெட்ரோல் முழங்கை வழியே இறங்கி அக்குளில் எரிச்சல் கொடுத்தது. கழற்றினார். உள்ளே வாஷர் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. பழைய சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி, துளையிட்டு, வைத்து இறுக்கினார். விளிம்பில் சோப்பைப் பிசைந்து அப்பினார். ஒழுகல் நின்றது.

“மாப்ள, இது ரெண்டு நாள்தான் தாங்கும். அப்புறம் ரப்பர் உப்பிப் பிஞ்சிடும். புது டேப் வாங்கிடு.”

பக்கத்தில் நின்ற மேனேஜர் அவர் மனைவியின் தம்பி. வேலையில்லாமல் சுற்றியவனை இந்தப் பார்சல் கம்பெனியில் சேர்த்துவிட்டதே அவர்தான்.

“நாளைக்கே வாங்கிடறேன் மாமா. இப்ப வண்டிய அனுப்புங்க.”

அது பார்சல் கொண்டுபோகும் சுருட்டையனின் வண்டி. “நீங்க கை வெச்சா போதும்ணே” என்று சிரித்தபடி ஏறிப் போனான்.

மெக்கானிக் தினமும் டேப் கேட்டார். தினமும் ‘நாளைக்கு’தான். ஒன்பதாம் நாள் காலை சுருட்டையன் கிக்கரை மிதித்ததும் குப்பென்று தீப்பிடித்தது. சாக்கைப் போட்டு அணைப்பதற்குள் வலது கால் முழங்கால்வரை வெந்துவிட்டது.

மதியம் முதலாளி கூப்பிட்டார்.

“டியூப வெட்டிப் போட்டது யாரு?”

“நான்தாங்க. புதுசு வேணும்னு அன்னிக்கே சொன்னேன்.”

“யாருகிட்ட?”

மெக்கானிக் மைத்துனனைப் பார்த்தார். அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

“என்கிட்ட யாரும் சொல்லலை சார்.”

முதலாளி ஒரு தாளைத் தள்ளினார்.

“வண்டிகிட்ட சுருட்டையன் சிகரெட் பிடிச்சான், நீங்க பாத்தீங்கன்னு எழுதியிருக்கு. கையெழுத்துப் போட்டா உங்க வேலை நிலைக்கும்.”

“அவன் சிகரெட்டத் தொட்டதே இல்லீங்க.”

“அப்ப தப்பு உங்களுது. போலீசுல அப்படியே சொல்லவா?”

“போட்டுடுங்க மாமா. அக்காவ நினைச்சுப் பாருங்க.”

“அவள நினைச்சுத்தான்டா உன்னை இங்க கொண்டாந்து விட்டேன்!”

தாள் மேசையிலேயே கிடந்தது. அவர் நேராக வண்டிக் கொட்டகைக்கு வந்து, வண்டி ஓட்டும் அத்தனை பேரிடமும் நடந்ததைச் சொன்னார்.

“டேப் தாங்காதுன்னு தெரிஞ்சும் வண்டிய வெளிய விட்டவன் நான். திட்டணும்னா திட்டுங்க.”

கண்ணாடிக்காரி மட்டும் எழுந்தாள். வண்டி ஓட்டுகிறவர்களில் அவள் ஒருத்திதான் பெண்.

“என் வண்டியிலயும் டியூப்தானா?”

“ஆமாம்மா. அஞ்சு வண்டியில.”

அவள் சாவியை உருவி மெக்கானிக் பெஞ்சில் வைத்தாள். பின்னாலேயே ஒவ்வொரு சாவியாக வந்து விழுந்தது.

சத்தம் கேட்டு முதலாளி இறங்கி வந்தார். “பார்சல யாரு கொண்டுபோறது?”

“நாங்கதான்” என்றாள். “ஆனா முதல்ல எல்லா வண்டிக்கும் புது டேப் போடுங்க. சுருட்டையன் வைத்தியத்தக் கம்பெனி ஏத்துக்கட்டும். அந்தத் தாளக் கிழிச்சுப் போடுங்க.”

“சாயங்காலமே வேற ஆளு வருவாங்க.”

“வரட்டும். அவங்களுக்கும் கால் இருக்கில்ல?”

எல்லோரும் கேட்டின் குறுக்கே உட்கார்ந்தார்கள். மெக்கானிக் தள்ளியே நின்றார். கண்ணாடிக்காரி நகர்ந்து இடம் விட்டாள்.

“கோபம் இன்னும் போகலண்ணே. ஆனா உக்காருங்க.”

வெயில் தாழ்ந்தபோது புது ஆட்களோடு ஒரு வேன் வந்து நின்றது. மெக்கானிக்தான் முதலில் எழுந்து நடந்தார்.

“தம்பிங்களா, வண்டியத் தொடறதுக்கு முன்னாடி நான் செஞ்சதக் கேளுங்க.”

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தார். அத்தனை பேரும் வந்துகொண்டிருந்தார்கள்.