மைக் அணைந்த பிறகு

ஆறாவது பாடத்தின் காணொளியைப் பார்த்தவர்கள் பட்டியலில் ஃபைசோலின் பெயர் பதினாறு முறை வந்திருந்தது. அதைப் பார்த்ததும் விரிவுரையாளர் ஹெஸ்திக்கு முதலில் மகிழ்ச்சிதான் வந்தது. முப்பத்தெட்டுப் பேர் படிக்கும் வகுப்பு; வேளாண்மை படிக்க வந்தவர்களுக்குப் புள்ளியியல் என்றால் வேப்பங்காய். பாடத்தைப் பதிவு செய்து தளத்தில் ஏற்றினால் தேர்வுக்கு முந்தின நாள் ஏழெட்டுப் பேர் எட்டிப் பார்ப்பார்கள், அவர்களும் பாதியில் ஓடிவிடுவார்கள். அப்படியிருக்க ஒரு பையன் பதினாறு முறை பார்த்திருக்கிறான். பணி அறிக்கையில் எழுதிக்கொள்ள நல்ல செய்தி. பென்சிலை எடுத்துப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறி போட்ட பிறகுதான் கை நின்றது. ஃபைசோல் மார்ச் மாதக் கடைசியில் இறந்துபோனவன். இப்போது ஜூலை.

அவள் எதையும் வரிசையாகச் செய்கிறவள். தேதிகளை ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாள். பதினாறும் வியாழக்கிழமை. பதினாறும் மாலை ஐந்தே முக்காலுக்கும் ஆறேகாலுக்கும் இடையில். மஃக்ரிப் தொழுகை முடிந்து, ஊரெங்கும் வீடுகளில் இறந்தவர்களுக்காக யாசீன் ஓதும் நேரம். அவள் தகப்பனாருக்காக அவளும் அதே நேரத்தில்தான் ஓதுகிறாள். அந்த நேரத்தில் ஃபைசோல் வந்து புள்ளியியல் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். அதுவும் பாடம் முழுவதையும் இல்லை. எந்த இடத்தை எத்தனை தரம் பார்த்தார்கள் என்று தளம் ஒரு கோடாக வரைந்து காட்டும். அந்தக் கோடு நாற்பது நிமிடம் தரையோடு தரையாகக் கிடந்து, நாற்பத்தோராவது நிமிடத்தில் பனைமரம் போல நின்றது.

அங்கே என்ன இருக்கிறது என்று அவளுக்குப் பார்க்காமலே தெரிந்தது. பார்க்கவும் பார்த்தாள்.

அன்றைக்குப் பாதிப் பேர் வகுப்பறையிலும் மீதிப் பேர் வீட்டிலிருந்து இணையத்திலும் இருந்தார்கள். ஃபைசோல் வீட்டில். பின்னால் மூங்கில் தட்டிச் சுவர், திறந்த கதவு, வாசலில் மேய்கிற ஒரு செம்பட்டைக் கோழி. “இபு, ஒரு சந்தேகம். வகுக்கறப்ப ஏன் ஒண்ணைக் கழிச்சுட்டு வகுக்கறோம்?” என்றான். அங்கே பெண்களை மரியாதையாக இபு என்பார்கள், அம்மா என்கிற மாதிரி. கால் மணி நேரம் முன்புதான் அதை அவள் இரண்டு தடவை விளக்கியிருந்தாள். திரையில் அவளுடைய முகம் சிரித்தது. “உன் பின்னாடி நிக்கற கோழிக்குக்கூட இந்நேரம் புரிஞ்சிருக்கும் ஃபைசோல். அதுக்கிட்ட கேட்டுக்கோ.” வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவனும் சிரித்தான். “சரி இபு, கேக்கறேன்.” அதோடு விட்டிருக்கலாம். “அடுத்த வாரம் நேர்ல வந்து உக்காரு. கோழியை வீட்லயே விட்டுட்டு வா” என்றும் சொன்னாள். அவன் தலையாட்டினான், மைக்கை அணைத்தான், அதன் குறி சிவப்பானது.

அடுத்த வாரம் அவன் நேரில் கிளம்பினான். அவன் ஊர் இருக்கும் காலிசாத் பக்கத்திலிருந்து, கல்லூரி இருக்கும் ஜெம்பருக்கு வரும் சாலையில், காலை ஏழு மணிக்கு, மழையில், மணல் லாரி. செய்தி வகுப்பின் நடுவே வந்தது. அவள் வரச் சொன்னதை வகுப்பில் யாரும் நினைவு வைத்திருந்ததாகத் தெரியவில்லை; எல்லாருக்கும் தெரிந்தது விபத்து மட்டும்தான். அன்றைக்கு அவன் ஏன் அந்தச் சாலையில் இருந்தான் என்பது ஹெஸ்திக்கும் இந்தக் காணொளிக்கும் மட்டும் தெரியும் என்று நான்கு மாதமாக அவள் நம்பிக்கொண்டிருந்தாள். துக்கத்துக்கு அவள் போகவில்லை. வகுப்புத் தலைவனிடம் பணம் வைத்த உறையைக் கொடுத்தனுப்பி, காய்ச்சல் என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை கல்லூரியின் காணொளிப் பிரிவுக்குப் போனாள். அங்கே ஆண்டிக் என்ற இளைஞன் வேலை பார்க்கிறான். எல்லாரும் அவனை மாஸ் ஆண்டிக் என்பார்கள். அண்ணன் என்று கூப்பிடுகிற மாதிரி, வயது பார்ப்பதில்லை.

“மாஸ், இறந்துபோன மாணவரோட கணக்கு திறந்தே இருக்குமா?”

“இருக்கும் இபு. மூடறதுக்கு ஒரு படிவம் இருக்கு. அதுல மாணவர் கையெழுத்துப் போடணும்.” அவன் சிரிக்காமல் சொன்னான். “ரெண்டு வருஷமா அந்தப் படிவத்தை மாத்தச் சொல்லி எழுதறேன். மேல யாருக்கும் செத்துப்போன அனுபவம் இல்ல போல.” எட்டிப் பட்டியலைப் பார்த்தான். “கைபேசியில பாத்திருக்காங்க. காலிசாத் பக்கம். வீட்டு ஆளுங்கதான், பேய் இல்ல, பயப்படாதீங்க. மூடிறவா?”

“வேண்டாம்” என்றாள். பேயாக இருந்திருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியதை அவனிடம் சொல்ல முடியாது. வீட்டு ஆட்கள் என்றால் தகப்பன் இருப்பார், மாமன் இருப்பார். வாரம் தவறாமல் அதே இடத்தைக் கூடி உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்றால் எதற்கு? ஒரு நாள் முதல்வர் அறையில் கைபேசியை நீட்டி, கேளுங்கள், இந்த அம்மாள் என்ன சொன்னாள் என்று கேளுங்கள், என்பதற்குத்தான் இருக்கும். “மாஸ், பதிவுல கொஞ்சம் இடத்தை வெட்டினா திரும்ப எடுக்க முடியுமா?” என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுவைத்தாள்.

“ஏழு நாள் குப்பைக் கூடையில கெடக்கும். அப்புறம் தானா அழிஞ்சிரும். அந்த ஆண்டவனே வந்தாலும் எடுக்க முடியாது.”

தன் அறைக்குத் திரும்பி, மூன்று நிமிடத்தை வெட்டினாள். தளம் காரணம் கேட்டது. தேவையற்ற இரைச்சல் என்று எழுதினாள்.

அடுத்த வியாழக்கிழமை மஃக்ரிப் முடிந்து கணவர் பள்ளிவாசலிலேயே தங்கிவிட்டார். அவள் ஓதி முடித்து முக்காட்டைக்கூட எடுக்காமல் மடிக்கணினியைத் திறந்தாள். பதினேழாவது முறையாக அந்தப் பெயர் வருகிறதா என்று பார்க்கத்தான். வந்தது. ஐந்து நிமிடம் கழித்துத் தளத்தின் செய்திப் பெட்டியில் ஒரு மணி ஒலித்தது. அனுப்பியவர்: ஃபைசோல்.

“அஸ்ஸலாமு அலைக்கும் இபு. ஆறாவது பாடத்துல நாற்பத்தோராவது நிமிஷத்தைக் காணோம்.”

அவள் அனுப்பியவர் பெயரை மறுபடியும் படித்தாள். அடுத்த வரி வந்தது. “நான் ஃபைசோலோட அக்கா ஹொலிஃபா. தப்பா நினைக்காதீங்க. அம்மா உங்ககிட்ட பேசணுங்கறாங்க. கூப்பிடலாமா?”

பதில் எழுதாமல் இருந்துவிடலாம். விடிந்தால் வெள்ளிக்கிழமை. காலையில் அந்த மூன்று நிமிடம் யாருடைய கையும் படாமல் தானாகவே அழிந்துவிடும். அவள் ஒன்றும் செய்ய வேண்டாம். செய்யாமல் இருந்தாலே போதும். இதையெல்லாம் தெளிவாக எண்ணிக்கொண்டே தன் கைபேசி எண்ணைத் தட்டி அனுப்பினாள். 

அந்த அம்மாவின் குரல் அவள் நினைத்ததைவிட இளமையாக இருந்தது. பின்னால் ஆட்கள் பேச்சும் தட்டுகள் வைக்கும் சத்தமும் கேட்டது.

“இபு, சாப்பிட்டீங்களா?”

“ஆச்சு இபு. நீங்க?”

“இப்பதான் யாசீன் முடிஞ்சுது. வந்தவங்களுக்கு வாழைப்பழம் பொரிச்சேன். முடிஞ்சதும் அவனைப் பாப்போம். இன்னிக்கு அவன் வர்ற இடத்தையே காணோம். போன்ல ஏதோ கோளாறுன்னு மருமகன் சொல்றாரு.”

“கோளாறு எங்க பக்கம் இபு.” என்றாள் ஹெஸ்தி. “அந்த இடத்துல நான்…”

“எங்க கோழியைக் கிண்டல் பண்ணுவீங்களே” என்றாள் அந்த அம்மா. சிரித்த மாதிரித்தான் இருந்தது. “அதை அவனே அன்னிக்கு வந்து சொன்னான். எனக்குக் காய்ச்சல், அதான் வீட்ல இருந்தான். அவங்கப்பா பாலியில கொத்து வேலைக்குப் போயிட்டாரு, என்னைப் பாக்க ஆள் இல்ல. மறுவாரம் காய்ச்சல் விட்டுருச்சு. இபு நேர்ல வரச் சொல்லியிருக்காங்கன்னு விடிகாலையில எழுந்து சட்டையைத் தேச்சுப் போட்டுக்கிட்டான்.”

அப்படியென்றால் அவர்களுக்குத் தெரியும். முதல் வியாழனிலிருந்தே தெரியும். ஹெஸ்தி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்து வரப்போவது எதுவாக இருந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று காத்திருந்தாள். அந்த அம்மா வேறு எங்கோ போய்க்கொண்டிருந்தாள்.

“நான் கேக்க வந்தது அது இல்ல. சரி இபுன்னு தலையாட்டறான் பாருங்க. அதுக்கப்புறமும் வாயி அசையுது. மூணு தரம். என்னமோ சொல்றான். சத்தமே வரமாட்டேங்குது. போன்ல அவன் மூஞ்சி கட்டைவிரல் நகம் அளவுதான் தெரியுது. ஹொலிஃபா கோழியை விரட்டறாங்கறா. என் தம்பி, பிஸ்மில்லா சொல்றாங்கறான். பக்கத்து வீட்டுப் பொடியன் ஒருத்தன் உங்களைத் திட்டறான்னு சொல்லிட்டான். அவனுக்குப் பழத்தைக் குடுத்து வெளிய அனுப்பிட்டோம்.”

“உங்களுக்கு என்னன்னு தோணுது இபு?”

“நான் அடுப்படியில படுத்திருந்தேன். அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம். என்னைக் கூப்பிட்டிருந்தான்னா?” குரல் தாழ்ந்தது. “கூப்பிட்டு நான் என்னான்னு கேக்காம விட்டிருந்தேன்னா? அது ஒண்ணுதான் எனக்குத் தெரியணும். உங்ககிட்ட பெரிசா இருக்குமாமே. நீங்க படிச்சவங்க. பெரிசாப் பாத்துச் சொல்லுங்க.”

பேச்சு முடிந்ததும் அவள் செய்தவற்றை வரிசையாகச் சொல்லிவிடலாம். குப்பைக் கூடையிலிருந்து மூன்று நிமிடத்தையும் மீட்டாள். பாடம் முழுவதையும் பெரிய அளவிலேயே தன் கணினிக்குப் பதிவிறக்கினாள். மாணவர்கள் பதிவிறக்கக் கூடாது என்ற தடையை அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் நீக்கி, இணைப்பை ஹொலிஃபாவுக்கு அனுப்பினாள். அதோடு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தாள். அன்புள்ள இபு என்று தொடங்கி, அந்தப் பகுதியை வெட்டியது நான்தான் என்ற வரி வரை எழுதினாள். அதற்கு மேல் என்ன எழுதினாலும், அவர்கள் கேட்காத கேள்விக்கான பதிலாகவே இருந்தது. அந்த ஒரு வரியை மட்டும் அனுப்பினாள். “பரவால்ல இபு. வாயைப் பாத்தீங்களா?” என்று பதில் வந்தது.

பார்த்தாள். முகம் திரை முழுக்க வரும் வரை பெரிதாக்கினாள். மேல் உதட்டில் அப்போதுதான் அரும்பிய மீசை, இடது புருவத்தில் ஒரு பழைய தழும்பு. முதல் அசைவில் உதடுகள் ஒட்டித் திறந்தன. இரண்டாவதில் குவிந்தன. மூன்றாவதில் பாதி திறந்து, படம் வேறொரு மாணவிக்குத் தாவிவிட்டது. அம்மா என்பதற்கும் உதடு ஒட்டும். பிஸ்மில்லாவுக்கும் ஒட்டும். அந்தப் பக்கத்துப் பையன்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளும் சொல்லுக்கும் ஒட்டும். நாற்பது தடவை பார்த்ததில் நாற்பதும் நாற்பது மாதிரி இருந்தன. கண் கோழியைத் தேடினால் அவன் கோழியைப் பார்த்துப் பேசினான். கண் கேமராவைத் தேடினால் அவளையே பார்த்துப் பேசினான்.

அம்மா என்றான் என்று சொன்னால் அந்த அம்மாள் சாகும்வரை அடுப்படியில் படுத்து அந்தக் குரலுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பாள். திட்டினான் என்றால் அவளுக்கு விடுதலை. ஆனால் அதை ஹெஸ்தி தன் வாயால் சொல்ல வேண்டும், அது உண்மையா என்று தெரியாமல்.

இன்னும் பார்க்கிறேன் இபு, என்று எழுதினாள். ஒவ்வொரு வாரமும் அதையே எழுதினாள்.

மூன்று வாரமாகப் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. பதிவிறக்கம்: ஒன்று, என்று மட்டும் இருக்கிறது. கைபேசிக்குள் போய்விட்ட பாடத்தை எத்தனை தரம் பார்க்கிறார்கள், எந்த நேரத்தில், யார் யார், எதுவும் இனி இங்கே தெரியாது. தினமும்கூடப் பார்க்கலாம். நிறுத்தியும் இருக்கலாம்.

வியாழக்கிழமை. பாங்கு ஓய்ந்து, தெருவின் இரண்டு மூன்று வீடுகளிலிருந்து ஓதும் முணுமுணுப்பு கலந்து வந்தது. ஹெஸ்தி மேசையில் மடிக்கணினியை வைத்து, திரையின் ஒரு பாதியில் அவனைப் பெரிதாக்கி நிறுத்தினாள். மறு பாதியில் தன் கேமராவைத் திறந்தாள். மைக்கை அணைத்தாள். அவன் உதடுகள் மூன்று தரம் அசைந்து நின்றதும், அவள் ஒரு சொல்லை எடுத்துச் சத்தமில்லாமல் சொன்னாள், ஒப்பிட்டாள், தலையசைத்தாள். படத்தைப் பின்னுக்கு இழுத்தாள். இன்னொரு சொல். தன் பெயரையும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். இரண்டு பாதிகளிலும் இரண்டு வாய்கள், ஒன்று முடித்ததும் மற்றது, திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.