இசைவாணி வரைந்த கண்மாய்

இசைவாணி வரைந்த கண்மாய் ஒரு வைகாசி மாதம், காளவாசலில் ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் கசியத் தொடங்கியது. முதல் நாள் படத்தின் கீழ்ச்சட்டத்தில் துளிகள் நின்றன. மறுநாள் அவை சுவரில் கோடாக இறங்கின. அந்த வாரக் கடைசியில் தரையில் தண்ணீர் தேங்கி, கடைவாய்ப் பல் பிடுங்க வந்த ஒருவர் வழுக்கி விழுந்தார். மருத்துவர் மாடி வீட்டுக் குளியலறையைச் சந்தேகப்பட்டார். மாடி வீட்டுக்காரர் மருத்துவரின் வாய் கொப்பளிக்கும் தொட்டியைச் சந்தேகப்பட்டார். குழாய் வேலை செய்யும் சிவனாண்டி வந்து, படத்தைக் கழற்றி நாற்காலியில் சாய்த்துவிட்டுச் சுவரை உடைத்தான். உள்ளே செங்கல் பொடி பறக்கும் அளவுக்குக் காய்ந்திருந்தது. திரும்பிப் பார்த்தால் நாற்காலி நனைந்திருந்தது. விரலால் தொட்டு மோந்து பார்த்தான்.

“இது கொழாத்தண்ணி இல்ல டாக்டர். கம்மாத்தண்ணி. பாசி வீசுது.”

உடைத்த சுவரைப் பூசித் தருவது தன் பொறுப்பில்லை என்றும் சொல்லிவிட்டுப் போனான். வரவேற்பு மேசைப் பெண் படத்துக்குக் கீழே வைத்திருந்த வாளியில் ஒரு தலைப்பிரட்டை நீந்திக்கொண்டிருந்தது. அன்று மாலையே இசைவாணியை அழைத்துப் படத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வெளியே மாட்டப்பட்ட அவளுடைய முதல் படம் அது.

கப்பலூர் தொழிற்பேட்டையில் தண்ணீர் கேன் தயாரிக்கும் ஒரு சிறிய தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. கேனுக்குள் காற்றடைத்துத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் சிவப்பு மையில் குறி போட்டு ஒதுக்க வேண்டும். அவள் கையைத் தாண்டி ஒழுகும் கேன் எதுவும் போனதில்லை. அவளுடைய அப்பா மொக்கைச்சாமி ஃப்ளெக்ஸ் கட்டுபவர். காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் சவுக்குக் கட்டை நட்டு, சட்டத்தில் ஃப்ளெக்ஸை இழுத்துக் கட்டுவார். விசேஷம் முடிந்ததும் அவிழ்த்துச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவருவார். மதுரையில் பழைய ஃப்ளெக்ஸ் குப்பைக்குப் போவதில்லை. கூரைக்கு மேலே போகும், காயப்போடும் நெல்லுக்கு அடியில் போகும், ஆட்டுக்கொட்டகைக்குப் படுதாவாகப் போகும். இந்த வீட்டில் ஒரு பகுதி படம் வரையவும் போனது. இசைவாணி அதைக் கவிழ்த்துப் போட்டு, வெள்ளைப் பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்துக் காயவிட்டு, பெயின்ட் அடிப்பவர்கள் மிச்சம் வைத்துப்போன எமல்ஷனால் வரைவாள். அவள் படங்களின் பின்பக்கத்தில் யாராவது ஒரு மாப்பிள்ளையோ மாவட்டச் செயலாளரோ கைகூப்பிக்கொண்டிருப்பார்கள்.

அவள் வரைந்தது பெரும்பாலும் ஒரே கண்மாயைத்தான். திருவாதவூரைத் தாண்டி உள்ளே போனால் அவர்களுடைய ஊர். பிழைப்புக்காகக் குடும்பம் நகரத்துக்கு வந்து பல வருடங்களாகியிருந்தன. அந்த வருடங்களில் கண்மாய் வறண்டு கிடந்தது, லாரிகள் உள்ளே இறங்கிச் சவுடு மண் அள்ளின. எவ்வளவு ஆழம் அள்ளலாம் என்று ஓர் அளவு இருந்தது, அதை யாரும் அளக்கவில்லை. பிறகு ஓர் ஐப்பசியில் கண்மாய் நிறைந்தது. ஊரே கரையில் பொங்கல் வைத்தது, இவர்களும் பேருந்து ஏறிப் போனார்கள். இசைவாணியின் அண்ணன் தமிழ்மாறன் சட்டையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினான். மடைக்கல்லிலிருந்து கருவேலமரம் வரை இடுப்பளவுதான் என்று சின்ன வயதிலிருந்தே அவன் காலுக்குத் தெரியும். அந்தக் கால் சொன்ன வழியிலேயே நடந்தான். கரையைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டே போனான். லாரிகள் விட்டுப்போன குழி வந்தபோது தலை மறைந்தது, கை மட்டும் சற்றுத் தாமதமாக இறங்கியது. அதற்குப் பிறகு தண்ணீர் ஒன்றுமே நடக்காதது போலக் கிடந்தது. இசைவாணி வரைய முயன்றது அந்தத் தண்ணீரை. ஒருமுறை அதைச் சரியாக வரைந்துவிட்டால் போதும் என்று நினைத்தாள்.

பல் மருத்துவரிடமிருந்து திரும்பி வந்த படம் ஒரு மாதத்துக்குமேல் கசிந்தது. கசியக் கசியப் படத்தில் நீர்மட்டம் இறங்கியது. முதலில் மடையின் கீழ்ப்படி தெரிந்தது, பிறகு கரையோரச் சேறு, பிறகு வெடித்த தரை. கடைசியில் லாரிச் சக்கரத் தடங்களும், நடுவில் வற்றாத கறுப்புத் தண்ணீரோடு ஒரு குழியும் தெரிந்தன. தடத்தையும் குழியையும் அவள் வரையவில்லை. அடுத்த படமும் அப்படியே வற்றியது. பெயின்ட் கோளாறு என்று எண்ணி எனாமலுக்கு மாறினாள். வார்னிஷ் பூசினாள். மொட்டைமாடி ஒழுகாமலிருக்க அடிக்கும் கலவையை வாங்கி மூன்று பூச்சு அடித்தாள். கசிந்தது. யானைமலையையும் ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தையும் வரைந்து பார்த்தாள். அவை கசியவில்லை, ஆனால் அவற்றை இரண்டாம் முறை பார்க்க அவளுக்கே தோன்றவில்லை. நகரத்தில் நடந்த ஓர் ஓவியக் கண்காட்சிக்குக் கண்மாய்ப் படம் ஒன்றை அனுப்பினாள். தேர்வுக் குழு பிரித்துப் பார்ப்பதற்குள் அது வற்றிவிட்டது. தரிசு நிலம் என்ற தலைப்பில் ஏற்கெனவே நிறைய வந்திருப்பதாகப் பதில் வந்தது.

வருடங்கள் இப்படியே போயின. சுவர் ஊறுகிறது என்று வீட்டுக்காரர்கள் காலி செய்யச் சொன்னார்கள், குடும்பம் மூன்று வீடு மாறியது. பெண் பார்க்க வந்தவர்களில் மாப்பிள்ளையின் தகப்பனார் படத்துக்குக் கீழே உட்கார்ந்தார். வழுக்கைத் தலையில் சொட்டு விழுந்ததும் அண்ணாந்து பார்த்துவிட்டு, ஊருக்குப் போய்த் தகவல் சொல்வதாகச் சொன்னார். தகவல் வரவில்லை. ஒரு கோடையில் மாநகராட்சித் தண்ணீர் நாள்கணக்கில் வராமல் போனபோது தெருப் பெண்கள் குடத்தோடு வந்து வரிசையில் நின்றார்கள். பாத்திரம் கழுவ ஆகும் என்றார்கள். ஒருத்திகூடப் படத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“ஏ இசை, வரையுறதுதேன் வரையுற, வைகைய வரையக் கூடாதா? இம்புட்டுக்காண்டு சொட்டுனா எப்பக் கொடம் நெறையுறது?” என்றாள் எதிர்வீட்டுப் பாண்டீஸ்வரி.

“வைகைய வரைஞ்சா மணலுதேன்க்கா கொட்டும்” என்றாள் அவளுக்குப் பின்னால் நின்ற செல்லத்தாய். எல்லாரும் சிரித்தார்கள், இசைவாணியும் சிரித்தாள்.

அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் அவள் வரைவதை நிறுத்தினாள். தனக்குத் தெரிந்த ஒரே தொழில் கசிவைக் கண்டுபிடிப்பது என்றும், தன் படங்களைத் தொழிற்சாலை மேசையில் வைத்தால் ஒன்றுகூடத் தேறாது என்றும் அவளுக்குத் தோன்றியது. வீட்டிலிருந்த படங்கள் எல்லாவற்றிலும் சிவப்பு மையில் குறி போட்டு அப்பாவிடம் கொடுத்தாள். மொக்கைச்சாமி ஏன் என்று கேட்கவில்லை. மகன் போனதிலிருந்து அவர் வேலைக்கு வேண்டிய பேச்சு மட்டுமே பேசுவார், மகன் பெயரைச் சொன்னதே இல்லை. படங்களில் சில ஆட்டுக்கொட்டகைகளுக்குப் போயின. ஒன்றைச் சமையல்காரர் ஒருவர் எச்சில் தட்டு கழுவும் இடத்துக்கு மறைப்பாகக் கட்டிக்கொண்டார். இசைவாணியின் உள்ளங்கைகள் காய்ந்து, வண்டல் வெடிப்பது போலப் பாளம் பாளமாக வெடித்தன. மருந்துக்கடையில் களிம்பு கொடுத்தார்கள். களிம்பு கேட்கவில்லை. வெடித்த கையோடு ஒன்றரை வருடத்துக்கு மேல் கேன்களை அமுக்கிக்கொண்டிருந்தாள்.

பிறகு நீர்நிலைகளைக் காப்பது பற்றி ஓர் அமைப்பு ஓவியப் போட்டி அறிவித்தது. மொக்கைச்சாமிக்கு வேலை கொடுக்கும் ஃப்ளெக்ஸ் கடை அழகுபாண்டி, அந்தப் போட்டிக்கு ஃப்ளெக்ஸ் அடித்தவர், புதுச் சுருளிலிருந்து ஒரு துண்டு வெட்டி அனுப்பி, இசைவாணி கலந்துகொள்ளத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவள் தன் கண்மாயை நினைக்கவில்லை. கைப்பேசியில் யாரோ அனுப்பியிருந்த ஒரு புகைப்படத்தைப் பார்த்து வரைந்தாள். தண்ணீர், தாமரை, சூரியோதயம், இரண்டு கொக்கு. மூன்று நாளில் முடிந்தது. அடியில் செய்தித்தாளை விரித்துவைத்துக் காத்திருந்தாள். செய்தித்தாள் நனையவில்லை. அந்தப் படத்துக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. நகரத்தில் ஓர் அலுவலகத்தின் நடைக்கூடத்தில் கண்ணாடி போடாமல் மாட்டினார்கள். இதுவரை எந்தப் புகாரும் வரவில்லை.

ஒரு விடுமுறை நாள் மூவரும் அதைப் பார்க்கப் போனார்கள். அம்மா மலையம்மாள் கல்யாணத்துக்குப் போகிற சேலை கட்டியிருந்தாள். படத்துக்குக் கீழே எழுதியிருந்த மகளின் பெயரைக் காவலாளியிடம் ஒருமுறை படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டாள். மொக்கைச்சாமி படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு கையை நீட்டி, தண்ணீரின் மேல் உள்ளங்கையை வைத்தார். தொடக் கூடாது என்றான் காவலாளி. அவர் கையைத் திருப்பிப் பார்த்தார். அது காய்ந்திருந்தது.

“இது நம்ம கம்மா இல்லத்தா” என்றார். பிறகு, “அவன் எங்குட்டு எறங்குனான்னே இதுல தெரியல” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மொக்கைச்சாமி ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏறி, மூன்று வீடு மாறியும் யாரும் பிரிக்காத ஒரு சுருளை எடுத்து இறக்கினார். அது தமிழ்மாறனின் கண்ணீர் அஞ்சலி. யாருடைய பைக்கிலோ சாய்ந்து கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கும் படம். அதை ஊர் முக்கில் கட்டியவரும் அவர்தான், முப்பதாம் நாள் அவிழ்த்தவரும் அவர்தான். மொக்கைச்சாமி கட்டியதிலேயே ஒரு சுருக்கம்கூட விழாத ஃப்ளெக்ஸ் அதுதான் என்று அழகுபாண்டி இன்றும் சொல்வார். அதைக் கூடத்தில் முகம் தரையைப் பார்க்கக் கவிழ்த்துப் போட்டு, உப்புத்தாளை எடுத்துத் தானே தேய்க்கத் தொடங்கினார். மலையம்மாள் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இந்த முறை இசைவாணி தண்ணீரை முதலில் வரையவில்லை. குழியை வரைந்தாள். அதன் சுவரில் இயந்திரத்தின் பல் பதிந்த கோடுகளை வரைந்தாள், லாரித் தடங்களை வரைந்தாள், வறண்ட தரையை வெடிப்பு வெடிப்பாக வரைந்தாள். இவ்வளவையும் மூடத்தான் போகிறாள் என்று தெரிந்தும் ஒன்றையும் விடவில்லை. ஆடியில் தொடங்கியது கார்த்திகையிலும் முடியவில்லை. பல நாள் வேலை மோசமாக இருந்தது. அந்த நாட்களில் தேய்த்து அழித்துவிட்டுக் கப்பலூருக்குப் போனாள், திரும்பி வந்து மறுபடி வரைந்தாள். எப்போதாவது மொக்கைச்சாமி பின்னால் நின்று, கல்லு இன்னும் கொஞ்சம் இங்கிட்டு என்பார். அவள் கல்லை நகர்த்துவாள். தரை முடிந்த பிறகு அதன் மேல் தண்ணீரை அடுக்கடுக்காக ஏற்றினாள். கருவேலமரத்தின் இடுப்பு வரை தண்ணீர் ஏறிய அன்று, மலையம்மாள் அடுப்படி வாசலுக்கு வந்து நின்று பார்த்தாள். பார்த்துவிட்டு, ஏதோ வீட்டுச் சாமான் குறைவதைச் சொல்லும் குரலில் சொன்னாள்:

“சட்டையக் கழட்டிக் கல்லு மேல வச்சிட்டுல்ல எறங்குனான். அதக் காணோம்.”

சட்டை என்ன நிறம் என்று இசைவாணி கேட்கவில்லை. மடைக்கல்லின் மேல் அதை வரைந்தாள், ஒரு கை மடிந்து தொங்குவது போல. அன்று சாயங்காலம் கீழ்ச்சட்டத்தில் முதல் துளி நின்றது. மொக்கைச்சாமி எழுந்துபோய் அடுப்படியிலிருந்து ஒரு மண்சட்டியை எடுத்துவந்து அடியில் வைத்தார். பிறகு மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

படம் இப்போதும் அந்தக் கூடத்தில்தான் இருக்கிறது. அதை யாரும் வாங்கவில்லை, எந்தக் கண்காட்சிக்கும் போகவில்லை. தினமும் அதில் தண்ணீர் ஒரு விரற்கடை அளவு இறங்குகிறது. காலையில் தொழிற்சாலை வேன் வருவதற்கு முன் இசைவாணி தூரிகையை எடுத்து, இறங்கிய அளவுக்குத் தண்ணீரை வரைந்து ஏற்றிவிட்டுப் போகிறாள். சில நாள் நன்றாக வருகிறது, பல நாள் வருவதில்லை. வேறு படங்களும் வரைகிறாள், அவற்றில் சில கசிகின்றன. கை வெடிப்பு ஆறிவிட்டது. கப்பலூரில் அவள் பார்த்து அனுப்பும் கேன்கள் ஒழுகுவதில்லை. வீட்டுக்காரர் அந்தச் சுவருக்கு வெள்ளையடிப்பதை விட்டுவிட்டார், யாராவது கேட்டால் அந்தச் சுவர் அப்படித்தான் என்கிறார். வெள்ளிக்கிழமைகளில் மலையம்மாள் படத்தைக் கழற்றித் திருப்பி, பின்பக்கத்திலிருக்கும் மகனின் முகத்தை முந்தானையால் துடைத்து, கொஞ்ச நேரம் வெயிலில் காட்டிவிட்டு மறுபடி மாட்டுகிறாள். கல்லின் மேலிருக்கும் சட்டை மட்டும் இதுவரை நனையவில்லை. சட்டி நிறைந்திருப்பதை யார் முதலில் பார்க்கிறார்களோ அவர்கள் எடுத்துப்போய், மாடியிலிருக்கும் கறிவேப்பிலைத் தொட்டியில் ஊற்றிவிட்டு வருகிறார்கள்.