நீலம் மாறாத சோதனை

எங்கள் மூலிகைத் தேநீரில் சர்க்கரை இல்லை என்று ஆறு வருடமாகக் கையெழுத்துப் போடுகிறவள் நான். அதை நம்பி அக்கா தினமும் நாலு கோப்பை குடிக்கிறாள். அவளுக்குச் சர்க்கரை வியாதி. இடது கால் கட்டைவிரல் புண் இரண்டு மாதமாக ஆறவில்லை.

கம்பெனி அக்கா புருஷனுடையது. மாமா என்று கூப்பிடுவேன். கல்யாணம் முறிந்து நான் பெட்டியோடு வந்து நின்றபோது மாடியறையும், அடுத்த அறையிலேயே சோதனைக்கூட வேலையும் கொடுத்தவர். வெளியே போக ஒரே வாசல்தான். அதுவும் அவர் மேஜையைத் தாண்டித்தான்.

போன வாரம் மாதிரி டப்பாவில் எறும்பு மொய்த்தது. வெறும் வேரும் இலையும் என்றால் எறும்புக்கு அங்கே என்ன வேலை? வழக்கம்போலத் தேநீரைச் சர்க்கரை பார்க்கும் நீலக் கரைசலில் விட்டுக் கொதிக்கவைத்தேன். நீலம் மாறவில்லை. அப்போதுதான் உறைத்தது. பழத்தில் இருக்கும் சர்க்கரைக்கு இந்தக் கரைசல் சிவக்கும். நாம் காப்பியில் போடும் சர்க்கரைக்கு அசைந்துகொடுக்காது. முதலில் அமிலம் விட்டுக் கொதிக்கவைத்து அதை இரண்டாக உடைக்க வேண்டும். கல்லூரியில் முதல் வருடப் பாடம். சுவரில் மாமா ஒட்டிய செய்முறைத் தாளில் அந்த வரியே இல்லை. நானும் ஆறு வருடம் அதற்குத் தலையாட்டியிருக்கிறேன். எறும்புக்கு இருந்த புத்தி எனக்கு இல்லை.

அமிலம் விட்டுச் செய்தேன். குழாய் செங்கல் நிறமானது. வெறும் வேரையும் அதேபோலச் செய்தேன். லேசான பச்சையோடு நின்றுவிட்டது. சர்க்கரை வேருடையதல்ல என்று தெரிந்ததும் இரண்டு குழாயையும் மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"பொடி குருணையாகணும்னா சர்க்கரைப் பாகு தெளிக்காம எப்படிம்மா?" என்றார் மாமா. "சோதனையில வரல இல்ல? அதோட விடு."

"அக்கா குடிக்கிறா மாமா."

"அவ குடிக்கிறதாலதான் நம்ம சரக்கு ஓடுது. வாயத் தொறந்தா மாட்டப்போறது நீதான். கையெழுத்து என்னோடதா?"

நான்கு நாள் வாயைத் திறக்கவில்லை. பயம்தான், வேறென்ன.

இன்று மொத்த வியாபாரிகள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். வருகிறவர்கள் முன்னால் அக்கா உட்கார்ந்து ஒரு கோப்பை குடித்துக்காட்ட வேண்டும். அதுதான் மாமாவின் விளம்பரம். சமையலறையில் ஊற்றிக்கொண்டிருந்தவளின் கையைப் பிடித்தேன்.

"குடிக்காதக்கா. அதுல சர்க்கரை இருக்கு. நான் தப்பாப் பாத்துட்டேன்."

"தெரியும்டி" என்றாள், ஊற்றுவதை நிறுத்தாமல். "கசப்புக்கு நடுவுல இனிக்குது. என் நாக்கு என்ன செத்தா போச்சு?"

"அப்புறம் எதுக்குக் குடிக்கிற?"

"நான் குடிக்கலைன்னா கடை ஓடாது. கடை ஓடலைன்னா நீ எங்கடி போவ?"

புண் பட்ட காலை இழுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள்.

"என் சம்சாரத்துக்கே சர்க்கரைங்க. இதைத்தான் குடிக்கிறா" என்று மாமா ஆரம்பித்தது கேட்டது. அக்கா கோப்பையைத் தூக்கினாள். என் கால் தானாக நடந்தது. அவள் வாய்க்குப் போகும் முன் அதை வாங்கி மேஜையில் வைத்தேன்.

"சோதனை பண்றவ நான்தாங்க" என்றேன் வியாபாரிகளிடம். "இதுல சர்க்கரை இருக்கு. இல்லைன்னு போட்ட கையெழுத்தும் என்னோடதுதான்."

மாமா மெதுவாக நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். அக்காவின் கை இன்னும் கோப்பையைப் பிடித்திருக்கிற மாதிரியே நின்றது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.